மியூரா ஜோட்டாவின் பழைய படங்கள் தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். இத்தாலிய நிறுவனமான லம்போர்கினியின் மியூரா காருடைய சோதனை வடிவமான ஜோட்டாவை 24-இல் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்து வருகிறேன். அதற்கு உங்கள் உதவி வேண்டும். நிறுவனத்தின் சோதனை ஓட்டுநரான நியூசிலாந்துக்காரர் பாப் வாலஸ், பந்தய விதிகளின் ‘ஜே’ பிற்சேர்க்கையை ஒட்டி 1970-இல் உருவாக்கிய இந்த ஒற்றை வண்டியில், உடற்தகடுகள் அலுமினியக் கலவையாகவும் பக்கக் கண்ணாடிகள் பிளாஸ்டிக்காகவும் மாறின. மியூராவின் அழகே அதன் விளக்கைச் சுற்றிய ‘இமைமயிர்’ எனப்படும் கருப்புக் கீற்றுகள்தான் என்பேன். ஆனால் ஜோட்டாவில் மேலெழும் விளக்குகளுக்குப் பதில் மூடியிட்ட நிலையான விளக்குகள் வந்துவிட்டதால், என் மாதிரியிலும் அந்தக் கீற்றுகளை அரத்தால் தேய்த்தெடுத்துவிட்டு, இப்போது வெறும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அசல் வண்டி 1971-இல் இத்தாலியின் பிரெஷா நகர் அருகே விபத்தில் எரிந்துபோனது. இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஜோட்டாவைப் பின்பற்றிப் பின்னாளில் வந்த எஸ்விஜே வகை மியூராக்களின் அல்லது நகல்களின் படங்களே. ஆகவே, 1970–71 கால மோட்டார் இதழ்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், அசல் வண்டியின் முன்விளக்கு மூடி, ஆணியடித்த தகட்டு விளிம்பு, எரிபொருள் மூடி ஆகியவை தெளிவாகத் தெரியும் பக்கங்களைப் படமெடுத்து, இதழின் பெயர், மாதத்துடன் இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.