அம்பாசடர் மார்க் 3-க்கு எலக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன்: வயரிங் எப்படிப் போடுவது?

மதுரை_மார்க்3:

வணக்கம். வண்டி 1978 அம்பாசடர் மார்க் 3, பெட்ரோல், 1489 சிசி. டைனமோ, கட்-அவுட் (டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பாக்ஸ்), ஃபியூஸ் பாக்ஸ் எல்லாம் பழையதே. பேட்டரியில் நெகட்டிவ்தான் பாடிக்குப் போகிறது.

பைபாஸில் 60–70 வேகத்தில் போகும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. சிக்னலிலோ நெரிசலிலோ ஐந்து நிமிடம் நின்றால் ஏற ஆரம்பிக்கிறது. ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்தாயிற்று, மூடியும் புதிது. மாருதி 800-க்கு வரும் ஃபேன் அசெம்பிளி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பேட்டரியில் நேராகக் கொடுத்து கிளாம்ப் மீட்டரில் பார்த்ததில் 7.5 ஆம்பியர் காட்டியது.

வைப்பர் ஃபியூஸிலிருந்து ஒரு வயர் இழுத்து, டேஷ்போர்டில் சுவிட்ச் வைத்து, நேராக ஃபேனுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். 7.5 ஆம்பியர்தானே, இது போதுமா? ரிலே கட்டாயமா? என்ன வயர், என்ன ஃபியூஸ்? டைனமோ தாங்குமா?

கோவை_ஆட்டோவயர்:

வைப்பர் ஃபியூஸிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த லூகாஸ் கம்பெனி ஃபியூஸ் பாக்ஸில் இருப்பது இரண்டே ஃபியூஸ். சாவி போட்டால் உயிர் வரும் ஃபியூஸில் வைப்பரோடு பிரேக் லைட், இண்டிகேட்டர், பெட்ரோல் கேஜ் எல்லாம் தொங்குகின்றன. ஃபேன் மோட்டார் இறுகி அந்த ஃபியூஸ் போனால் பிரேக் லைட்டும் சேர்ந்து போகும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இன்னொன்று, அந்தக் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருப்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய 17 ஆம்பியர்தான்.

7.5 என்பது ஓடும்போது எடுப்பது. புறப்படும் அரை விநாடியில் அதைப்போல மூன்று மடங்கு இழுக்கும். இக்னிஷன் சுவிட்சின் காண்டாக்ட் வழியாக ஒவ்வொரு முறையும் 20 ஆம்பியருக்கு மேல் தட்டினால் அது கருகும். அப்புறம் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வோல்டேஜும் குறையும், ஸ்டார்ட்டிங் தொல்லை தொடங்கும். ஆகவே ரிலே, அதாவது சின்னக் கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச், கட்டாயம்.

வேண்டிய சாமான்: 12 வோல்ட் 30/40 ஆம்பியர் ரிலே, வயரோடு கூடிய ரிலே சாக்கெட், மூடியுள்ள பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் இரண்டு, 20 மற்றும் 3 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மிமீ ஆட்டோ வயர் சிவப்பும் கறுப்பும், ரிலே காயில் பக்கத்துக்கு 0.75 சதுர மிமீ போதும். லக் (வயர் நுனியில் அடிக்கும் உலோக முனை), ஸ்லீவ், நெளிவு பைப்.

ரிலேயின் காலில் எண் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு. 87-லிருந்து ஃபேனின் பாசிட்டிவ். ஃபேன் நெகட்டிவ் எர்த்துக்கு. சாவி போட்டால் வரும் லைனிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 86-க்கு. 85-லிருந்து தெர்மோ சுவிட்ச் (தண்ணீர் சூடானதும் தானாக ஆன் ஆவது), அங்கிருந்து எர்த். ரிலே காயில் எடுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு, அதனால் இதைச் சாவி லைனில் தாராளமாக எடுக்கலாம். ஐந்து கால் ரிலே வாங்கினால் நடுவில் 87ஏ என்று ஒரு கால் இருக்கும். அதில் ஃபேனை மாட்டினால் சாவி எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காலைச் சும்மா விடுங்கள்.

20 ஆம்பியர் ஃபியூஸ் ஏன்? 10 போட்டால் புறப்படும் இழுவையில் அடிக்கடி போகும். 30 போட்டால் இறக்கை எதிலாவது சிக்கி மோட்டார் நின்றபோது ஃபியூஸ் போகாது, மோட்டாரும் வயரும்தான் கருகும். ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் வயருக்குக் காவல் எதுவும் கிடையாது. அந்தத் துண்டு எங்காவது உரசி பாடியில் தொட்டால் நிறுத்த ஆளில்லை.

வயர் கனத்தை ஆம்பியர் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. போக 2 மீட்டர், வர 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 சதுர மிமீ வயரில் 7.5 ஆம்பியருக்கு 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 போட்டால் கால் வோல்ட்டுக்குள் அடங்கும். சிக்னலில் நிற்கும்போது பேட்டரியே 12-க்கு இறங்கியிருக்கும், அதிலும் அரை வோல்ட் போனால் காற்று நன்றாகவே குறையும்.

வீட்டு வயரிங்குக்கு வரும் ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம். அதிர்வில் லக்குக்குப் பக்கத்திலேயே முறியும்.

செம்புக்கம்பி:

மேலே சொன்ன வயரிங் சரி. ஆனால் முதலில் டைனமோ கணக்கைப் பாருங்கள் சார், அதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர். பகலில் இக்னிஷன் 3.5, ஃபேன் 7.5, மொத்தம் 11. ஓடும்போது பிரச்சினை இல்லை. இரவு, மழை: ஹாலோஜன் ஹெட்லைட் லோ பீமில் 9, பார்க்கிங் மற்றும் மீட்டர் விளக்கு 2.5, வைப்பர் 3, இக்னிஷன் 3.5, ஃபேன் 7.5. கூட்டினால் 25.5.

ஐடிலிங்கில் நிலைமை இன்னும் மோசம். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு லேசாக எரிகிறதே, டைனமோ அப்போது ஒன்றும் கொடுக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். ஃபேன் தேவைப்படும் நேரமும் அதுவே. அந்த 25 ஆம்பியரும் பேட்டரியிலிருந்துதான் போகும். 60 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி நல்ல நிலையில் இருந்தாலும் ஒரு மணி நேர மழை நெரிசலில் கிட்டத்தட்டப் பாதிக்கு வந்துவிடும்.

ஆகவே பகல் ஓட்டம், வாரக் கடைசி ஓட்டம் என்றால் டைனமோவோடு சமாளிக்கலாம். இரவிலும் நகருக்குள் ஓட்டுவதாக இருந்தால் 35 ஆம்பியருக்கு மேற்பட்ட ஆல்டர்னேட்டர் மாற்றிவிட்டு ஃபேனுக்கு வாருங்கள். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் ஆல்டர்னேட்டர் போட்டால் பழைய கட்-அவுட்டைச் சர்க்யூட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். பாக்ஸ் இருந்த இடத்தில் பார்வைக்கு இருக்கலாம், கரண்ட் அதன் வழியே போகக்கூடாது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயரும் கனமாக மாற வேண்டும், 22 ஆம்பியருக்கு இழுத்த பழைய வயர் போதாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: அந்தக் கால பிரிட்டிஷ் டிசைன் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஃபேன் மோட்டாரின் இரண்டு வயரும் பாடியைத் தொடாமல் தனியாக இருந்தால், அவற்றை மாற்றிக் கொடுத்தால் போதும். ஆனால் உள்ளே டயோடு வைத்த ரிலேயில் 85, 86 தலைகீழானால் டயோடு ஷார்ட் ஆகும். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு டயோடு இல்லாத ரிலே கேட்டு வாங்குங்கள்.

மதுரை_மார்க்3:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பகல் ஓட்டம்தான் அதிகம், ஆல்டர்னேட்டர் அடுத்த கட்டம். இரண்டு சந்தேகம். தெர்மோ சுவிட்சை எங்கே வைப்பது, எத்தனை டிகிரி? பழைய இறக்கையை அப்படியே விட்டு, எலக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டருக்கு முன்னால் கிரில் பக்கம் வைக்கலாமா?

ரேடியேட்டர்_பட்டறை:

தம்பி, முன்னால் வெச்சா தள்ளுற ஃபேன் வேணும். நீங்க வாங்கினது ரேடியேட்டருக்குப் பின்னால இருந்து இழுக்குற ஃபேன். வயரை மாத்திக் குடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும், ஆனா இறக்கையோட வளைவு மாறாதே, காத்து பாதிகூட வராது. போதாததுக்கு வண்டி ஓடும்போது மோட்டாரும் அதோட கூடும் வர்ற காத்தையே மறைக்கும். அம்பாசடர்ல பின்னால இடம் தாராளமா இருக்கு. பழைய இறக்கையைக் கழட்டிட்டுப் பின்னாலயே வைங்க.

இறக்கையைக் கழட்டினாலும் பெல்ட் அப்படியே இருக்கணும், வாட்டர் பம்பும் டைனமோவும் அதுலதான் ஓடுது. ஒண்ணு கவனிங்க: புல்லியைப் பிடிச்சிருக்கிற போல்ட்டு இறக்கையோட கனத்தையும் சேர்த்து எடுத்த நீளம். இறக்கை போனதும் அதே போல்ட்டைப் போட்டா நுனி பின்பக்கம் கூடுதலா நீட்டிக்கிட்டு பம்பு பாடியில இடிக்கலாம். அந்தக் கனத்துக்கு வாஷர் வைங்க, இல்ல குட்டை போல்ட்டு போடுங்க. கையால ஒரு முழுச் சுத்து சுத்திப் பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

ஃபேனை ரேடியேட்டர் வலைக்குள்ள பிளாஸ்டிக் டேக் விட்டுக் கட்டுற பழக்கம் இருக்கு. அது வேண்டவே வேண்டாம். அதிர்வுல அந்த டேக் டியூபை அறுத்து ரெண்டு வருஷத்துல கசியும். பக்கச் சட்டத்துல தகடு அடிச்சு நாலு போல்ட்டுல நிறுத்துங்க. மாருதி கூடு ரேடியேட்டரோட ஒட்டி உக்காரணும்; விளிம்புல இடைவெளி இருந்தா ஃபேன் வலை வழியா இழுக்காம அந்தச் சந்து வழியா இழுக்கும். ரப்பர் பட்டை ஒட்டி அடைங்க. மோட்டார் முதுகுக்கும் புல்லிக்கும் நடுவுல குறைஞ்சது 25 மிமீ வேணும், ரேஸ் குடுத்தா எஞ்சின் ரப்பர் மவுண்டுல ஆடும்.

தெர்மோ சுவிட்ச்: கடையில பொதுவா கிடைக்கிறது 92-ல ஆன், 87-ல ஆஃப். அதை மேல் ஹோஸ்ல வைங்க. ஹோஸை நடுவுல வெட்டிச் சொருகுற அலுமினிய அடாப்டர் கிடைக்கும், 22 மிமீ மரை. உங்க ஹோஸ் உள்விட்டத்தை அளந்துட்டு வாங்குங்க. எஞ்சின்ல 82 டிகிரி தெர்மோஸ்டாட் (அந்தச் சூட்டுல தண்ணியை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுற வால்வு) இருந்தா இது சரியாப் பொருந்தும். சுவிட்ச் ஆஃப் ஆகுற டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு மேல இருக்கணும், இல்லேன்னா ஃபேன் நிக்கவே நிக்காது.

கீழ் டேங்க்ல புஷ் பத்தவெச்சு அங்க சுவிட்ச் வைக்கிறவங்களும் உண்டு. அங்க வர்றது ரேடியேட்டர்ல ஆறின தண்ணி. அதே 92 சுவிட்சை அங்க வெச்சா, அது ஆன் ஆகும்போது மேல 100 தாண்டியிருக்கும். கீழ வைக்கிறதா இருந்தா குறைஞ்ச டிகிரி சுவிட்ச் தேடணும்.

கோவை_ஆட்டோவயர்:

அந்த அடாப்டரைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ், அதனால் அலுமினியத் துண்டுக்கு எர்த் கிடையாது. ஒற்றைக் கால் சுவிட்ச் தன் உடல் வழியாகத்தான் எர்த் எடுக்கும். அடாப்டரில் திருகு வைத்து ஒரு கறுப்பு வயர் பாடிக்கு இழுக்காவிட்டால் ஃபேன் ஓடவே ஓடாது, சுவிட்ச் கெட்டது என்று புதிதாக வாங்கிக்கொண்டே இருப்போம். மரையில் டெஃப்லான் டேப்பை அதிகமாகச் சுற்றினாலும் இதே கதை. இரண்டு கால் சுவிட்ச் கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

டேஷ்போர்டு சுவிட்ச் வேண்டுமென்றால் தெர்மோ சுவிட்சுக்கு இணையாகப் போடுங்கள், அதாவது 85-லிருந்து இன்னொரு வயர், சுவிட்ச், எர்த். தெர்மோ கைவிட்டாலும் ஃபேனைக் கையால் ஓட்டலாம். 87-லிருந்து ஒரு ஆம்பியர் ஃபியூஸோடு சின்ன விளக்கு ஒன்றையும் இழுத்துவிட்டால் ஃபேனுக்குக் கரண்ட் போவது தெரியும்.

86-ன் கரண்ட்டை எக்காரணம் கொண்டும் ஃபேன் லைனிலிருந்து எடுக்காதீர்கள். வேகமாகப் போகும்போது காற்று தள்ளி ஃபேன் தானாகச் சுற்றும், சுற்றினால் அதுவே ஒரு குட்டி டைனமோ. ரிலே இல்லாமல் இக்னிஷனிலிருந்து நேராகக் கொடுத்த வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் சில விநாடி ஓடுவது இதனால்தான்.

செம்புக்கம்பி:

எர்த்: ஃபேன் கறுப்பு வயரை ரேடியேட்டர் சட்டத்தில் மாட்டி நிறுத்தாதீர்கள். பெயிண்டும் துருவும் நடுவில் இருக்கும். பேட்டரி எர்த் கேபிள் பாடியில் பிடிக்கும் அதே போல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பளபளப்பு வரும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள பின்னல் பட்டை அறுந்திருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள்.

ஜாயிண்டுகளில் ஈயம் வைப்பதைவிட ஒழுங்கான கிரிம்பிங் பிளையரால் லக் அடிப்பது நல்லது. ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து அங்கேதான் முறியும். கறுப்பு இன்சுலேஷன் டேப் எஞ்சின் சூட்டில் பிசினாகி அவிழும், ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டுங்கள். தகட்டில் ஓட்டை வழியாக வயர் போனால் ரப்பர் குரோமெட் இல்லாமல் விடக்கூடாது. ரிலேயைக் கால்கள் கீழே பார்க்க மாட்டுங்கள், தண்ணீர் வடிந்துவிடும்.

முடித்தபின் சோதனை. பேட்டரி எர்த்தைக் கழற்றி வைத்துத்தான் வேலை பார்த்திருப்பீர்கள், அதை மாட்டுமுன் ஃபியூஸைப் பிடுங்கி வையுங்கள். மாட்டியபின் ஃபியூஸைப் போட்டு, சாவி போட்டு, தெர்மோ சுவிட்ச் வயரை எர்த்தில் தொடுங்கள். ரிலே டிக் என்று விழுந்து ஃபேன் ஓட வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைக் காட்டினால் ஒட்டிக்கொள்ள வேண்டும். மீட்டரில் பேட்டரி முனைகளில் ஒரு அளவு, ஃபேன் சாக்கெட்டில் ஒரு அளவு. வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஏதோ ஒரு ஜாயிண்ட் சரியில்லை.

பத்து நிமிடம் ஓடவிட்டு ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். மலிவு ஹோல்டரில் பிளேடைக் கவ்வும் தகடு தளர்வாக இருக்கும். அங்கே 0.05 ஓம் இருந்தாலே 7.5 ஆம்பியரில் 3 வாட் சூடு ஓரிடத்தில் சேரும். ஃபியூஸ் போகாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. ஆனால் பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி, கால் பக்கம் சாய ஆரம்பிக்கும். கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள்.

மதுரை_மார்க்3:

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: எஞ்சினை நிறுத்திய பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடினால் கார்புரேட்டருக்கு நல்லதா? 86-ஐ நேராகப் பேட்டரியில் கொடுத்துவிடலாமா?

ரேடியேட்டர்_பட்டறை:

வேண்டாம் தம்பி. எஞ்சின் நின்னா வாட்டர் பம்பும் நின்னுடும், ஃபேன் ரேடியேட்டர்ல இருக்கிற தண்ணியை மட்டும்தான் ஆத்தும், பிளாக்ல இருக்கிற சூடு அங்கேயேதான் இருக்கும். டைனமோ வண்டியில அடுத்த ஸ்டார்ட்டுக்கு பேட்டரி வேணும். பானெட்டைத் திறந்து கையை உள்ள விடும்போது ஃபேன் திடீர்னு கிளம்புற ஆபத்தும் இருக்கு. சாவி லைன்லயே விடுங்க. ரொம்பச் சூடா இருந்தா நிறுத்துறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் ஐடிலிங்ல ஃபேனோட ஓடவிட்டு அப்புறம் சாவியை எடுங்க.