எரிபொருள் தொட்டியின் ‘அளவு’: நைட்ரோ படகுக் கையேட்டுக்குச் சில சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நைட்ரோ எஞ்சினில் (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் சின்ன எஞ்சினில்) ஓடும் மாதிரிப் பந்தயப் படகுகளுக்குத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிவருவதை முன்பே சொல்லியிருந்தேன். எஞ்சின் அத்தியாயம் முடிந்துவிட்டது. அடுத்தது டேங்க். என் பட்டியல் இது: ஃபியூயல் டேங்க் – எரிபொருள் கலம், டேங்க் சைஸ் – கல அளவு, கிளங்க் (தொட்டிக்குள் குழாய் நுனியில் தொங்கி எரிபொருளை உறிஞ்சும் கனமான முனை) – எடைமுனை, ஹாப்பர் டேங்க் – துணைக்கலம். குறையிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, படகில் கைவைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

– அல்சூரிலிருந்து

* * *

ஐயா, வணக்கம்.

முதல் சொல்லிலேயே எனக்கு இடிக்கிறது. ‘கலம்’ அழகான சொல்தான். ஆனால் அது பாத்திரத்தையும் குறிக்கும், கப்பலையும் குறிக்கும். மரக்கலம் என்கிறோம், விண்கலம் என்கிறோம். படகைப் பற்றிய புத்தகத்தில் ‘எரிபொருள் கலம்’ என்று படித்தால், துறைமுகத்தில் டீசல் இறக்க வந்து நிற்கும் கப்பல்தான் எனக்குக் கண்ணில் தெரிகிறது. ‘கலத்தின் இடப்பக்கம் கலத்தைப் பொருத்துக’ என்ற வாக்கியம் எங்காவது ஓரிடத்தில் வந்தே தீரும். ‘கலன்’ என்று மாற்றினாலும் குழப்பம் பாதிதான் தீரும். ‘டாங்கி’ பட்டாளத்துக்குப் போய்விட்டது. அதனால் தொட்டியே இருக்கட்டும். தொட்டி என்றால் மேலே திறந்திருக்க வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். மொட்டைமாடியில் மூடி போட்டு நிற்கும் கறுப்பு டேங்கையும் தண்ணீர்த் தொட்டி என்றுதானே சொல்கிறோம்?

இதெல்லாம் சின்ன விஷயம். எனக்கு உண்மையான தகராறு ‘அளவு’ என்ற சொல்லோடுதான்.

தமிழில் அளவு என்றால் நீள அகல உயரமும்தான், உள்ளே எவ்வளவு பிடிக்கும் என்பதும்தான், எவ்வளவு ஊற்றினோம் என்பதும்தான். லாரியாக இருந்தால் இதைக் கண்டுகொள்ள வேண்டாம். படகில் இந்த மூன்றும் வேறு வேறு முடிவுகள். ‘எவ்வளவு பெரிய டேங்க் போடணும்?’ என்று கேட்டு வரும் பையனுக்கு ‘கல அளவு 180 மி.லி.’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அவன் கடையில் அட்டைமேல் 180 என்று போட்ட டப்பாவை வாங்கி, ஹல்லுக்குள், அதாவது படகின் உடலுக்குள், நுழைகிற இடத்தில் வைத்து, கடைசிச் சுற்றில் நடுத்தண்ணீரில் நிற்பான். அப்புறம் யார் நீந்திப் போய் எடுப்பது?

கேள்வியைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். முதலில் பந்தயம் எவ்வளவு குடிக்கும் என்று பார்க்கலாம். 3.5 சி.சி. எஞ்சின், அதாவது அமெரிக்கர்கள் ‘பாயிண்ட் இருபத்தொன்று’ என்று கன அங்குலத்தில் சொல்வது. இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இழுக்கும். நிமிடத்துக்கு 25,000 சுற்று என்றால் 87.5 லிட்டர் காற்று, எடையில் ஏறக்குறைய 105 கிராம். பெட்ரோல் என்றால் ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.5 போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் அதற்குக் காற்று அவ்வளவு தேவையில்லை. அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் பல மடங்கு உள்ளே போகும். 30 சதவீத நைட்ரோ, 18 சதவீத எண்ணெய், மீதி மெத்தனால் என்று கலந்து, எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கொஞ்சம் கெட்டியாகவே, அதாவது காற்றுக்கு எரிபொருளைச் சற்று அதிகமாகவே விட்டு, ஓட்டினால், ஒரு கிராம் கலவைக்கு மூன்று கிராம் காற்று என்று கொள்ளலாம். நிமிடத்துக்கு 35 கிராம். இந்தக் கலவை 100 மி.லி. ஏறக்குறைய 92 கிராம் இருக்கும். ஆக 38 மி.லி. எஞ்சின் எப்போதும் முழு மூச்சு இழுக்காது என்பதால் 30 முதல் 38 வரை என்று வைப்போம். இது காகிதக் கணக்குதான். புகை வெளியேறும் பைப்பும் புரொப்பெல்லரும் கார்புரேட்டர் ஊசியின் திருகும் அதை மேலும் கீழும் இழுக்கும்.

அமெரிக்க முறையில் மூன்றில் ஒரு மைல் வட்டத்தை ஆறு சுற்று வந்தால் இரண்டு மைல், 3.2 கிலோமீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஆனால் தொடக்கக் கடிகாரம் ஓட ஓடத் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்துதான் பந்தயக் கோட்டைத் தாண்ட வேண்டும். முடிந்ததும் கரைக்கு வர வேண்டும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் என்றால் 150 முதல் 190 மி.லி. இதற்கு நான் வைக்கும் சொல் ‘ஓட்டத்தேவை’. ஐரோப்பாவின் அரைமணி நீள்பந்தயங்களுக்கும் இதே சொல் பொருந்தும், எண்தான் மாறும். கையேட்டில் வகுப்பு வாரியாக எழுத வேண்டியது இதைத்தான், டப்பாவின் அளவை அல்ல.

அடுத்தது, ஊற்றியது எல்லாம் எஞ்சினுக்குப் போய்ச் சேராது. நாம் காலையில் பேப்பரைப் பிரித்தால் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) அணையின் மட்டம் பார்க்கிறோம். 124.80 அடி நிரம்பினால் 49.45 டி.எம்.சி. என்று போட்டிருக்கும். அதில் அடியில் கிடக்கும் தண்ணீர் மதகுக்கு எட்டாது. படகுத் தொட்டியிலும் இதே கதைதான். ஆனால் இங்கே அந்த எட்டாத தண்ணீர் அடியில் மட்டும் இருப்பதில்லை. அமெரிக்க வட்டப் பந்தயத்தில் படகு வலப்பக்கமாகவே திரும்பும். திரும்பும்போது கலவை இடப்பக்கச் சுவரில் போய் ஏறிக்கொள்ளும். முடுக்கும்போது பின்னால் ஓடும். அதனால்தான் உறிஞ்சும் முனையை இடப்பக்கப் பின்மூலையில் வைக்கிறார்கள். நடுவில் வைத்தவனுக்குத் தொட்டி கால்வாசி இருக்கும்போதே காற்று வரும். ஒரே டப்பா, ஒரே 180 மி.லி., முனை இருக்கும் இடத்தைப் பொறுத்து எட்டாத பங்கு மாறுகிறது. இதை ஒரே ‘அளவு’ எப்படித் தாங்கும்?

ஆகவே, தொட்டி மொத்தம் பிடிப்பது ‘கொள்ளளவு’. திருப்பத்திலும் முனைக்குக் கிடைப்பது ‘பயனளவு’. கிடைக்காதது ‘எட்டா அளவு’. கிடைப்பதை ‘எட்டளவு’ என்று சுருக்கலாமே என்று நினைத்தேன். எட்டு அவுன்ஸா என்று கேட்பார்கள். ஓட்டத்தேவைக்கு மேல் வைக்கும் கொசுறுக்குக் ‘கையிருப்பு’. பைக்கில் சொல்லும் ‘ரிசர்வ்’ இங்கே பொருந்தாது, திருப்பிவிட இங்கே குழாய் கிடையாது.

‘பெரிசாப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடுமே’ என்பது குளக்கரையில் அடிக்கடி காதில் விழும் யோசனை. 300 மி.லி. கலவை 275 கிராமுக்கு மேல் இருக்கும். சின்ன ஹைட்ரோவில் (தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும் ஹைட்ரோபிளேன் படகில்) அது முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் இரண்டு வேறு படகுகளை உண்டாக்கிவிடும். உயரமான தொட்டியாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. மட்டம் இறங்க இறங்கக் கார்புரேட்டருக்கு வரும் அழுத்தம் குறையும், கலவை மெலியும், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாமல் போகும், எஞ்சின் சூடேறும். பைப்பிலிருந்து தொட்டிக்கு அழுத்தம் கொடுப்பது இதைக் கொஞ்சம் சமாளிக்கத்தான். தாழ்ந்த, அகலமான தொட்டி, படகின் எடைமையத்துக்குப் பக்கத்தில், அடியில் ஸ்பாஞ்ச் வைத்து. ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் அதிர்வில் கலவை நுரைத்துவிடும், முனை நுரையை உறிஞ்சும்.

‘எடைமுனை’ அகராதிக்கு நல்லது, வாயில் ஒட்டாது. எல்லோரும் ‘குண்டு’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நைட்ரோ, மெத்தனால், குண்டு மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் கையேட்டோடு விமானநிலையத்துக்குள் போக முடியாது. ‘உறிகுண்டு’ என்று வைக்கலாம். ஹாப்பருக்கு ‘இடைத்தொட்டி’. பெரிய தொட்டிக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் எப்போதும் நிரம்பியபடி நின்று காற்றுக்குமிழை வடிகட்டுவதுதான் அதன் வேலை. துணை என்றால் கூடுதலாக மாட்டியது போல ஆகிவிடுகிறது.

– ஜீவன்பீமா நகரிலிருந்து

* * *

தம்பிக்கு,

கலத்தை விட்டுவிட்டேன். தொட்டி, இடைத்தொட்டி, ஓட்டத்தேவை மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ‘உறிகுண்டு’ எனக்கு மிகவும் பிடித்தது. சிலிக்கான் குழாயில் தொங்கி ஆடுவதால் கோகுலாஷ்டமி உறிக்கும் அதற்கும் ஒரு சொந்தம் இருக்கிறது.

‘பயனளவு’ மட்டும் உறுத்துகிறது. பயன் என்றால் பலன் என்று படிக்கிறவர்களும் உண்டு. ‘எட்டும் அளவு’ என்று இரண்டு சொல்லாகவே விட்டால் என்ன? ‘எட்டா அளவு’க்கு நேர் எதிராகவும் நிற்கும், எட்டு என்ற எண்ணோடும் குழம்பாது. கலைச்சொல் ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஒரு சந்தேகம். எட்டா அளவைப் பையன்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? கையேட்டில் ஒரு வழி சொல்லாமல் சொல்லை மட்டும் கொடுக்கக் கூடாது.

– அல்சூரிலிருந்து

* * *

வணக்கம் ஐயா. நடுவில் நுழைகிறேன்.

‘எட்டும் அளவு’க்கு என் ஓட்டு. பீன்யா பக்கம் எங்கள் பட்டறையில் பித்தளைத் தகட்டில் தொட்டி செய்து கொடுக்கிறோம். பையன்களுக்கு அதிலிருந்து ஒரு வழி சொல்கிறேன். தொட்டியை நிரப்பும்போது சிரிஞ்சால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள், அது கொள்ளளவு. பிறகு தண்ணீரில், வட்டம் போட்டு, எஞ்சின் தானாக அடங்கும்வரை ஓட்டட்டும். கரைக்குக் கொண்டுவந்து, மிச்சம் இருப்பதை அதே சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தால் அது எட்டா அளவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எட்டும் அளவு. ஸ்டாண்டில் நிறுத்தி ஓட்டிப் பார்க்கக் கூடாது. அங்கே திருப்பமே இல்லாததால் எட்டா அளவு குறைவாகக் காட்டும். கடைசியில் காற்று கலந்து கலவை மெலிந்து எஞ்சின் கத்தத் தொடங்கும், அந்தச் சத்தம் கேட்டதும் திராட்டிலை உடனே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியை அளக்கப் போய் பிஸ்டனைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

அட்டவணையில் கொள்ளளவு, எட்டும் அளவு, ஓட்டத்தேவை மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி விடுங்கள். எல்லாமே மி.லி.யில் இருக்கட்டும். டப்பாக்கள் அவுன்ஸில் வருகின்றன. அமெரிக்க அவுன்ஸ் 29.57 மி.லி., பழைய பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.41. மாற்றும்போது எந்த அவுன்ஸ் என்று அட்டவணைக்குக் கீழேயே போட்டுவிடுங்கள்.

– பீன்யாவிலிருந்து