ஸ்வீடிஷ் மொழியின் ‘ரூலிக்’: அமைதியா, வேடிக்கையா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
ஸ்வீடிஷ் கற்று வருகிறேன். ‘அமைதியான’ என்று ஒரு நார்வேஜிய அகராதியில் கண்ட ‘ரூலிக்’ என்ற பெயரடையை, ஸ்வீடிஷிலும் அதே பொருள்தான் என்று நம்பி, ஏற்காடு ஏரியைப் பற்றி ஸ்வீடன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் பயன்படுத்தினேன். ஏரியில் என்ன வேடிக்கை என்று அவர் கேட்கிறார். என் பிழை எது?

பதில் (ஏற்காடு):
எழுத்து ஒன்றே, பொருள்தான் வேறு. டேனிஷிலும் நார்வேஜியத்திலும் அது அமைதியைக் குறிக்க, ஸ்வீடிஷில் மகிழ்ச்சியூட்டும், சிரிப்பூட்டும் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. வேர்ச்சொல்லான ‘ரூ’ இன்றும் அமைதிதான். அதனால்தான் எதிர்மறை முன்னொட்டு சேர்ந்த ‘ஊரூலிக்’ என்பது ‘வேடிக்கையற்ற’ என்று ஆகாமல், ‘கவலையுற்ற’ என்ற பழைய தடத்திலேயே நிற்கிறது. ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த நம் ‘நாற்றம்’ இன்று பட்ட பாட்டை நினைத்தால் இது வியப்பாக இராது. ஏரிக்கு ‘லுங்ன்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

பதில் (செவ்வாய்ப்பேட்டை):
ஒன்று சேர்க்கிறேன். ஒருவர் தமக்கு வேலை கிடைத்ததாகச் சொன்னால், ஸ்வீடன்காரர்கள் ‘வா ரூலிட்’ என்பார்கள். அங்கே நகைச்சுவை ஏதுமில்லை, ‘கேட்கவே மகிழ்ச்சி’ என்பதே கருத்து. பேச்சில் இறுதிக் ககரம் பெரும்பாலும் மறைந்து ‘ரூலி’ என்றே ஒலிக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்றிரவே திருத்தக் கடிதம் எழுதுகிறேன். அவர் சிரித்தது மட்டும் உண்மையிலேயே ‘ரூலிக்’.