பிரஷர் நார்மலாக வருகிறது, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்கிறார் அப்பா

தறிவீட்டுப் பையன், குடியாத்தம்:

விவரம் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது கொஞ்சம் சொல்லுங்கள். அப்பாவுக்கு 63 வயது. பிரஷர் ரொம்ப வருடமாக இருக்கிறது. தீபாவளி முடிந்து நெஞ்சுவலி வந்து வேலூரில் சேர்த்தோம், இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் மாத்திரை கூடிவிட்டது. காலையில் டெல்மிசார்ட்டனும் இன்னொன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, மெட்டோபிரோலால் 50, மதியம் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும், ராத்திரி கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின். இது போக, முன்னாடியே போட்டுக்கொண்டிருந்த அம்லோடிபின் 5ஐயும் ராத்திரி விடாமல் போடுகிறார், பழகிப்போச்சு. முட்டிவலி வந்தால் கடைத்தெருவில் ஒரு செட் மாத்திரை வாங்கிக்கொள்வார், அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், வீட்டில் மெஷின் வாங்கி வைத்திருக்கிறோம், கொஞ்ச நாளாக 124/78, 126/80 என்றுதான் காட்டுகிறது. "அதான் சரியாயிடுச்சே, இனிமேல் எதுக்கு இத்தனை மாத்திரை, எல்லாம் கிட்னியைத் தின்னும்" என்கிறார். எதிர்வீட்டுப் பெரியவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நன்றாகத்தான் இருக்கிறாராம். அதோடு சாயங்காலம் ஆனால் அப்பாவுக்கு ரெண்டு காலும் கணுக்காலில் வீங்குகிறது, செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை அப்படியே இருக்கிறது. அதைக் காட்டித்தான் கிட்னி போகிறது என்று பயப்படுகிறார். வைகாசி பிறந்தால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டும், அதற்கு முன் நிறுத்திவிடுகிறேன் என்று பிடிவாதம். நான் சொன்னால் கேட்கிற மனிதர் இல்லை. என்ன சொல்லிப் புரியவைப்பது?

மருந்தாளுநர், ஆற்காடு:

தம்பி, முதலில் ஒன்று செய்யுங்கள். அந்த "டெல்மிசார்ட்டனும் இன்னொன்றும்" சேர்ந்த அட்டையை எடுத்து, மேலே பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். அந்த "இன்னொன்று" அம்லோடிபின் என்றால், உங்கள் அப்பா ஒரே மருந்தைக் காலையில் ஒரு பெயரில், ராத்திரி இன்னொரு பெயரில் ரெண்டு தடவை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என் கடைக்கு வருகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் புது மாத்திரை எழுதுவார்கள், வீட்டில் பழைய அட்டை மிச்சம் இருக்கும், கலரும் பெயரும் வேறாக இருப்பதால் ரெண்டையும் போடுவார்கள். டாக்டரிடம் பழையதைக் காட்டியிருக்க மாட்டார்கள், அவருக்கும் தெரிய வழியில்லை.

கணுக்கால் வீக்கம் அம்லோடிபினால் வருகிற ஒன்று. சின்ன ரத்தக்குழாய்களை அது விரித்துவிடுவதால் கால் பக்கம் நீர் கசிந்து தங்குகிறது. அளவு கூடக் கூட வீக்கமும் கூடும், 5ஐ விட 10ல் அதிகம். அதை வைத்துக் கிட்னி போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் கால் வீக்கத்தோடு படுத்தால் மூச்சு வாங்குகிறது, ரெண்டு மூன்று நாளில் எடை கிடுகிடுவென ஏறுகிறது என்றால் அது இதயம் சம்பந்தப்பட்டது, அன்றைக்கே காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் என்பது கொடுக்கக்கூடிய அளவுதான், அதனால் பதற வேண்டாம். நீங்களாக எதையும் எடுத்துவிடவும் வேண்டாம். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, காகிதத்தில் மடித்த அந்த முட்டி செட்டையும் சேர்த்து, டாக்டர் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். எதை விடுவது என்று அவர் சொல்லட்டும்.

அந்த செட்டைப் பற்றித்தான் எனக்கு ரொம்பக் கவலை. பெரும்பாலும் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ இருக்கும், சில இடங்களில் ஸ்டீராய்டும் இருக்கும். ரெண்டுமே பிரஷரை ஏற்றுபவை. டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவர் இந்த வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் கிட்னிக்கு உண்மையிலேயே கெடுதல், கூடவே நீர் பிரியும் மாத்திரையும் இருந்தால் இன்னும் மோசம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மேல் இதுவும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். உங்கள் அப்பா கிட்னிக்குப் பயப்படுகிறார் என்றால் பயப்பட வேண்டியது இந்தக் காகிதப் பொட்டலத்துக்கு. முட்டிக்கு முதலில் பாராசிட்டமால், அதுவும் டாக்டரைக் கேட்டு. சளிக்கு வாங்கும் மாத்திரையிலும் மூக்கடைப்புக்காக ஃபினைலெஃப்ரின் என்று ஒன்று இருக்கும், அதுவும் பிரஷர்காரர்களுக்கு ஆகாது. கடையில் கேட்கும்போதே "பிரஷர் இருக்கு, ஹார்ட் மாத்திரை சாப்பிடுறார்" என்று சொல்லி வாங்குங்கள்.

வார்டு அக்கா, வேலூர்:

இதய நோயாளிகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். அண்ணன் சொன்னதெல்லாம் சரி, நான் நிறுத்துகிற விஷயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நிறுத்திவிட்டு வருகிறவர்களைத்தான் நாங்கள் ராத்திரி நேரத்தில் பார்க்கிறோம்.

124/78 வருவது மாத்திரை வேலை செய்வதால். மோட்டார் ஓடுகிற வரைக்கும்தான் கிணற்றில் தண்ணீர் அடியில் நிற்கும், நிறுத்தினால் ஊற்று ஏறிவிடும். இதை அப்பாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். அம்லோடிபின் உடம்பில் மெதுவாகத்தான் குறையும், அதனால் நிறுத்தின மறுநாள் பார்த்தாலும் பிரஷர் நன்றாகவே இருக்கும். அதைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுப் பெரியவர் மாதிரி தைரியம் வந்துவிடுகிறது. பிரஷர் ஏறினாலும் பல பேருக்குத் தலைவலி கூட வராது.

மெட்டோபிரோலால் வேறு கதை. அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. அது இதயத்துடிப்பை அடக்கி வைத்திருக்கிறது. சட்டென்று விட்டால் துடிப்பு தாறுமாறாக ஏறி நெஞ்சுவலி திரும்ப வரும், ஏற்கனவே அடைப்பு இருந்தவர்களுக்கு மாரடைப்பே வரலாம். டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். அட்டையில் எக்ஸ்எல், இஆர் என்று போட்டிருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை, பொடி பண்ணியோ மென்றோ சாப்பிடக் கூடாது. நாடித்துடிப்பு 50க்குக் கீழே போய்த் தலை சுற்றினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பவை. ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் அதை விட்டால் உள்ளே கட்டி அடைத்துக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. ரெண்டையும் சேர்த்து எத்தனை மாதம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம், அப்புறம் ஒன்று மட்டும் தொடரும். ஸ்டென்ட் வைத்த டாக்டர்தான் தேதி சொல்ல வேண்டும். பல் பிடுங்கப் போகிற இடத்தில் "ரத்தம் நிற்காது, மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்று சொன்னால்கூட, ஹார்ட் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோலைச் சொந்தமாக வாங்கிச் சேர்க்க வேண்டாம், குளோபிடோக்ரெலின் வேலையை அது குறைக்கும். பான்டோபிரசோல் மாதிரி வேறு இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. நம் பக்கம் நெஞ்சு அடைத்தால் கேஸ் என்று சோடா குடித்துவிட்டு விடிகிற வரை காத்திருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர் அப்படி இருக்கவே கூடாது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுத்திருந்தால் உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும், நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார்கள். 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108. ஆண்மைக்கான மாத்திரை எதுவும் போட்டிருந்தால் அந்த நாக்கடி மாத்திரையை வைக்கவே கூடாது, கூச்சப்படாமல் ஆம்புலன்ஸில் வருகிறவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பாலாற்றங்கரை:

எங்கள் ஆயா பிரஷருக்குப் பூண்டும், நாட்டு மருந்துக் கடையில் சர்ப்பகந்தா பொடியும்தான் சாப்பிட்டார்கள், எண்பது தாண்டி இருந்தார்கள். இங்கிலீஷ் மருந்தோடு அதையும் சேர்த்துக்கொள்ளலாமே? பக்கவிளைவு இருக்காது.

மருந்தாளுநர், ஆற்காடு:

ஆயா நல்லபடியாக வாழ்ந்தது சந்தோஷம். ஆனால் சர்ப்பகந்தா நிஜமாகவே பிரஷரை இறக்கும் மூலிகை, அதனால்தான் எச்சரிக்கை வேண்டும். 1952ல் அந்த வேரிலிருந்துதான் ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள், உலகம் முழுக்கப் பிரஷர் மாத்திரையாக விற்றது. மனச்சோர்வு, மூக்கடைப்பு, துடிப்பு குறைவது எல்லாம் அதில் உண்டு. ஏற்கனவே மெட்டோபிரோலால் துடிப்பைக் குறைத்திருக்கிறது, மேலே பொடியையும் சேர்த்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளவே தெரியாது. சமையலில் பூண்டு போட்டால் ஒன்றுமில்லை. அதிமதுரம் இதற்கு நேர் எதிர். தொண்டைக்கு நல்லது என்று தினம் மெல்லுகிறார்கள், அது பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். சித்த மருத்துவரைப் பார்ப்பது தப்பே இல்லை, அவரிடமும் இந்த அட்டைகளைக் காட்டுங்கள், ஹார்ட் டாக்டரிடமும் அந்தப் பொடியைக் காட்டுங்கள்.

உப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். "சோடியம் குறைந்த உப்பு" என்று பாக்கெட்டில் வருவதில் சாதா உப்பின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனாலாபிரில், ராமிபிரில் சாப்பிடுகிறவர்கள் உடம்பில் ஏற்கனவே பொட்டாசியம் தங்கும். அது அளவு மீறினால் இதயத்துடிப்பே தடுமாறும். டாக்டரைக் கேட்காமல் அந்த உப்புக்கு மாற வேண்டாம், சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, இந்த மூன்றைக் குறைத்தாலே நிறையக் குறையும்.

ஆம்பூர் ஷூ கம்பெனி:

எனக்கும் ஸ்டென்ட் இருக்கிறது தம்பி. வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் ஊர்ப் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டும், வியர்த்து ஊற்றும், அந்த நேரத்தில் பிரஷர் மாத்திரை கொஞ்சம் தூக்கலாகவே வேலை செய்யும். உட்கார்ந்த இடத்திலிருந்து சடாரென்று எழுந்தால் கண் இருட்டும். எனக்கு நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. போன கோடையில் வாந்தி பேதி வந்தபோது டாக்டருக்குப் போன் போட்டேன், நீர் மாத்திரையையும் டெல்மிசார்ட்டனையும் ரெண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொன்னார், மற்றதைத் தொடரச் சொன்னார். அது எனக்குச் சொன்னது, உங்கள் அப்பாவுக்கு அவர் டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பேதி வந்த பிறகு தேட முடியாது. திருவிழாவுக்குப் போகட்டும், தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக, உட்கார இடம் இருக்கிற பக்கம் நிற்கட்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டே போகலாம்.

தறிவீட்டுப் பையன், குடியாத்தம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆற்காடு அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5 என்று இருக்கிறது. ராத்திரி போடுவதும் அம்லோடிபின் 5. எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வேலூர் போனேன். டாக்டர் பழைய அட்டையை நிறுத்தச் சொன்னார், மற்றதெல்லாம் தொடர வேண்டும், மெட்டோபிரோலாலைத் தொடவே கூடாது என்று அப்பாவிடமே சொன்னார். முட்டி செட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவில்லை. ரத்தத்தில் கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும், பொட்டாசியமும் எடுத்தார்கள், ரெண்டும் சரியாக இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் அப்பா முகம் தெளிந்தது, கிட்னி பேச்சு நின்றது. வீக்கம் இப்போது குறைந்து வருகிறது.

ரெண்டு சந்தேகம் மட்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் மறுவேளை ரெண்டாகப் போடலாமா? அப்புறம், மெஷினில் ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர் காட்டுகிறது, எதை நம்புவது?

மருந்தாளுநர், ஆற்காடு:

ரெண்டாகப் போடவே கூடாது. அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு வழக்கம் போல ஒன்று. காலை, மதியம், ராத்திரி என்று அறை பிரித்த டப்பா கிடைக்கிறது, வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே நிரப்பிக் கொடுங்கள், போட்டாரா இல்லையா என்ற சண்டையே வராது. நிரப்பினாலும் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், பெயரும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கிறது. பாதி அட்டை வெட்டி வாங்கினால் தேதி மற்ற பாதியோடு போய்விடும், கடைக்காரரிடம் தேதி இருக்கிற பக்கமாகக் கேளுங்கள், நான் கேட்டால் கொடுப்பேன், யாரும் கொடுப்பார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்று மட்டும் ஒரு வேளையைக் குறைக்க வேண்டாம், முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் ரெண்டிலும் இதே மூலப்பெயர் மாத்திரைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தால் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், அங்கேயும் இப்போது சாப்பிடுகிற சீட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும், மறுபடியும் ரெண்டு பெயரில் ஒரே மருந்து வந்துவிடக் கூடாது.

மெஷின் விஷயம்: டீ, பீடி எதுவும் அரை மணி நேரத்துக்கு முன் கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு வந்து நாற்காலியில் முதுகு சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், கால் ரெண்டும் தரையில், காலுக்கு மேல் கால் போடக் கூடாது, கை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு. சட்டைக் கைக்கு மேல் பட்டையைக் கட்டாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு ரெண்டு தடவை எடுத்து ரெண்டையும் எழுதுங்கள். ஒரு நாள் கூடக் குறைய வருவதைப் பார்த்து எதையும் மாற்ற வேண்டாம். வீட்டில் தொடர்ந்து 135/85க்கு மேல் வந்தாலோ, மேல் நம்பர் 100க்குக் கீழே வந்து தலை சுற்றினாலோ அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.