வெறும் பேச்சுக்கு எதற்குக் காசு?

குளச்சல் கரைமடி:
2017 ஒக்கிப் புயலுக்கு அப்புறம் காற்று பலமாக அடித்தாலே என் மதினிக்கு நெஞ்சு படபடக்கும், தூக்கம் போய்விடும். நாகர்கோவிலில் உளவியலாளரிடம் வாராவாரம் போகச் சொல்கிறார்கள். முக்கால் மணி நேரப் பேச்சுக்கு அண்ணனின் ஒரு நாள் பாடு போய்விடும். பேசத்தானே பங்குச் சாமியார் இருக்கிறார், அக்கம்பக்கம் இருக்கிறது?

தக்கலை டீச்சர்:
சாமியார் ஆறுதல் சொல்வார், நல்லதுதான் அண்ணாச்சி. அக்கம்பக்கத்தில் சொன்னால் மறுநாள் மீன் சந்தை வரைக்கும் போய்விடும். குறிப்பிட்ட ஒரு சிக்கலுக்குச் சில அமர்வுகளில் வழி தேடுவது கவுன்சிலிங். ஊறிப்போன பயத்தை முறைப்படி கையாள்வது சைக்கோதெரபி. நடுவில் பெரிய மதில் ஒன்றும் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் தொடங்கிய சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் சிகிச்சை முறையில் நோட்டில் எழுத வைப்பார்கள்: காற்று அடித்ததும் என்ன தோன்றியது? 'வள்ளம் கவிழ்ந்துவிட்டது.' எவ்வளவு நம்பினீர்கள்? ஆதாரம் என்ன? அப்புறம் ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்றைக் கேட்டபடி உட்காரப் பழக்குவார்கள். படபடப்பு ஏறும், தானாகவே இறங்கும்.

மார்த்தாண்டம் மிளகு:
ஒக்கியில் ஆள் போனது பொய்யா? கடற்கரைக்காரி பயப்படுவதை நோய் என்றால் எப்படி?

தக்கலை டீச்சர்:
அண்ணன் கடலில் இருக்கும்போது புயல் எச்சரிக்கை வந்தால் பயப்படத்தான் வேண்டும். அதை யாரும் எடுக்கப் போவதில்லை. அவர் பக்கத்தில் குறட்டை விடும்போதும் விடிய விடிய நெஞ்சு அடிக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

மார்த்தாண்டம் மிளகு:
சரி. எங்கள் தெருவில் ஒருவர் ஜாதகமும் பார்ப்பார், கவுன்சிலிங்கும் கொடுப்பார். யாரை நம்ப?

தக்கலை டீச்சர்:
இது நியாயமான கேள்வி. மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள், முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் அதை எழுதுவது மனநல மருத்துவர். காசுதான் தடை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

குளச்சல் கரைமடி:
வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் வராது என்று மதினி பயப்படுகிறார்.

தக்கலை டீச்சர்:
2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது.

மார்த்தாண்டம் மிளகு:
சட்டம் சொல்லும், டீச்சர். ஓபி வரிசையில் நம்மூர்க்காரன் நாலு பேர் நிற்பானே?

தக்கலை டீச்சர்:
அதனால் முதலில் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. இலவசம், தமிழில் பேசலாம். கதவைச் சாத்திக்கொண்டு மதினியே பேசட்டும். கரைமடி அண்ணாச்சி, நீங்கள் பக்கத்தில் நின்று அவருக்குப் பதிலாகப் பேசாதீர்கள்.