ஆர்டிசி டிரைவர் வழுக்கள்: கண்ணில் பட்டவை, சரிசெய்த விதம்

கர்னல்வாசி:
லினக்ஸில் வன்பொருள் கடிகாரம் (ஆர்டிசி, கணினியை அணைத்தாலும் நேரம் காக்கும் சிப்) தப்பாக ஓடினால், முதலில் எவ்வளவு தப்பு என்று பாருங்கள். நாளுக்கு ஒன்றிரண்டு நொடி என்றால் கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் கிரிஸ்டலின் குணம்; 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) விலகலே நாளுக்கு 1.7 நொடி ஆகிவிடும். நேர மண்டல வித்தியாசம் அப்படியே தெரிந்தால் யூடிசி (உலகப் பொது நேரம்), உள்ளூர் நேர அமைப்பில் குழப்பம். சரியாக ஒரு நிமிடம், ஒரு மணி, ஒரு மாதம் என்று தாவினால் டிரைவர், அதாவது சிப்போடு பேசும் நிரலின், கோடைத் திறக்கலாம்.

அடிக்கடி சிக்குவது பாதியில் அறுந்த வாசிப்பு. டிஎஸ்3231 என்ற ஆர்டிசி சிப்பில் நொடி முதல் ஆண்டு வரை ஏழு ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடங்கள்). டிரைவர் அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கிறது என்று வையுங்கள். 10:59:59 மணிக்கு நொடியைப் படித்தாயிற்று, 59. அடுத்த நொடி பிறந்துவிட்டால் நிமிடம் 00, மணி 11 என வரும், கிடைப்பது 11:00:59. நிமிடத்தையும் படித்தபின் நொடி மாறினால் 11:59:59. ஒரு மணி நேரம் முன்னே போய்விட்டது! ஏழையும் ஒரே தொடர் வாசிப்பில் எடுங்கள். ஐ2சி (சிப்போடு பேசும் இரு கம்பி இணைப்பு) ஸ்டார்ட் குறி வந்ததுமே சிப் நேரத்தைத் தனி பஃபரில் பிரதி எடுத்துவிடும்.

வழுவை வரவழைக்க 10:59:55 என்று எழுதி, இடைவெளி விடாமல் லூப்பில் படித்து பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே சுற்றில் அகப்படாது, இரவு முழுக்க ஓடட்டும். என்டிபியை (நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் சேவை) நிறுத்த மறக்காதீர்கள். அது ஓடினால் லினக்ஸின் மையமான கர்னலே 11 நிமிடத்துக்கு ஒருமுறை ஆர்டிசியில் சரியான நேரத்தை எழுதி வழுவை மூடி மறைத்துவிடும்.

பிட்ஏழு:
பிசியின் போர்டில் உள்ள சிமாஸ் என்ற ஆர்டிசி கடிகாரத்திலும் இதே கதைதான், ஆனால் பிரதி எடுக்கும் பஃபர் கிடையாது. ரெஜிஸ்டர் ஏ-வின் 7-ஆம் பிட், யூஐபி (நேரம் மாறிக்கொண்டிருப்பதைக் காட்டும் கொடி), 0 என்றால் படிக்க 244 மைக்ரோநொடியாவது அவகாசம் உண்டு. வேலையில் குறுக்கிடும் இன்டரப்டை அணைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். எஸ்எம்ஐ என்ற ஃபர்ம்வேர் இன்டரப்ட் அதற்கு அடங்காது. படித்து முடித்தபின் யூஐபியையும் நொடியையும் மறுபடி பாருங்கள். மாறியிருந்தால் எல்லாவற்றையும் திரும்பப் படியுங்கள்.

நாள்காட்டி:
மாதக் கணக்கில் வரும் வழு கொஞ்சம் நயவஞ்சகமானது. கர்னலில் மாதம் 0 முதல் 11, சிப்பில் 1 முதல் 12. படிக்கும்போது ஒன்றைக் கழிக்க மட்டும் மறந்தால் டிசம்பரில் 12 வந்து, தேதி செல்லாது என்று பிழை விழும். எழுதும்போது கூட்டவும் மறந்தால்? எழுதியதே திரும்ப வருவதால் சோதனை எல்லாம் தேறிவிடும். ஆனால் நீங்கள் மார்ச் என்று நினைக்கும் மாதம் சிப்புக்குப் பிப்ரவரி. லீப் இல்லாத ஆண்டில் மார்ச் 28 இரவு அணைத்துவிட்டு மறுநாள் பூட் செய்தால் ஏப்ரல் 1. ஆகவே எழுதிப் படித்தால் மட்டும் போதாது. மாதக் கடைசி நாள் 23:59:58 என்று வைத்து, சிப்பைத் தானாக நள்ளிரவைத் தாண்டவிட்டுப் பாருங்கள்.

மாஸ்க்கும் (வேண்டாத பிட்டை நீக்குவது) முக்கியம். டிஎஸ்3231-இன் மாத ரெஜிஸ்டரில் 7-ஆம் பிட் நூற்றாண்டுக்கு உரியது. அதை நீக்காமல் பிசிடியை (ஒவ்வொரு தசம இலக்கத்தையும் நான்கு பிட்டில் வைக்கும் முறை) மாற்றினால் 12-ஆம் மாதம் 92 ஆகும்.

கர்னல்வாசி:
டிஎஸ்3231-இன் ஓஎஸ்எஃப் கொடியையும் (நிலை காட்டும் ஒரு பிட்) சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிலேட்டர் (கிரிஸ்டலின் துடிப்பு) நின்றிருந்தால் அது 1 ஆகும். நேரத்தைப் படிக்கும் ஃபங்ஷன் அப்போது பிழையைத்தான் திருப்ப வேண்டும். சில டிரைவர்கள் தொடக்கத்திலேயே அதை அழித்துவிடுகின்றன, பிறகு குப்பை நேரமும் நல்ல நேரமாகிவிடும். புது நேரத்தை எழுதி, அது வெற்றி என்று தெரிந்தபிறகே அழியுங்கள். அழிக்கும்போது அதே ரெஜிஸ்டரில் உள்ள இரு அலாரம் கொடிகளுக்கும் 1 எழுதுங்கள். 1 எழுதினால் அவை மாறாது. படித்த மதிப்பையே திருப்பி எழுதினால், இடையில் அடித்த அலாரம் காணாமல் போகும்.