ஸ்காடா சர்வர்கள்: விஎம்மா, கிளவுடா? எதை எங்கே வைப்பது?

பம்ப்ஹவுஸ்:
வணக்கம். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம். ஸ்காடாவுக்கு (ஆலையைத் திரையில் கண்காணித்து இயக்கும் மென்பொருள்) மூன்று பழைய சர்வர்கள்: பிரைமரி, அது விழுந்தால் ஏற்கும் ஸ்டாண்ட்பை, பழைய தரவைச் சேமிக்கும் ஹிஸ்டோரியன். மொத்தம் சுமார் 3,000 டேக் (கண்காணிக்கும் மதிப்புகள்). இரண்டு பிஎல்சிகள் (பம்புகளை நேரடியாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகள்) ஓபிசி யுஏ என்ற தொடர்பு நெறிமுறையில் பேசுகின்றன. 24 ஃப்ளோ மீட்டர்கள் ஒரே ஆர்எஸ்-485 சீரியல் லைனில், 9600 பாடில் (செகண்டுக்கு 9600 பிட்), அதை நெட்வொர்க்கோடு இணைக்கும் ஒரு மோட்பஸ் டிசிபி கேட்வே வழியாக வருகின்றன. லைசென்ஸ் யுஎஸ்பி டாங்கிளில் (செருகும் சாவி) இருக்கிறது.

மூன்றையும் மாற்றியாக வேண்டும். நிர்வாகம் "எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றுங்கள்" என்கிறது. ஐடி பிரிவு "எங்கள் விஎம்வேர் கிளஸ்டரில் மூன்று விஎம் தருகிறோம், போதும்" என்கிறது (விஎம்: ஹோஸ்ட் எனும் நிஜ சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினி; கிளஸ்டர்: பல ஹோஸ்ட்களின் தொகுப்பு). எதற்குத் தலையாட்டுவது? எங்கெங்கே அடிபடும்?

லேடர்லாஜிக்:
முதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள்: இணைய லைன் நான்கு மணி நேரம் அறுந்தால் ஆபரேட்டர் எதைப் பார்த்து பம்பை நிறுத்துவார்? "பார்க்க முடியாது" என்பது பதிலானால் அந்தத் திரையும் அதற்குப் பின்னால் இருக்கும் சர்வரும் ஆலையை விட்டு வெளியே போகக்கூடாது. இண்டர்லாக் (ஆபத்தில் தானே தடுக்கும் ஏற்பாடு), பிஐடி லூப் (மதிப்பைத் தானே சீராக வைக்கும் கட்டுப்பாடு) எல்லாம் பிஎல்சியில்தான் இருக்க வேண்டும். அதில் விவாதமே இல்லை.

மீட்டர் லைனைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு மீட்டருக்கு மூன்று கோரிக்கை, ஒவ்வொன்றிலும் 20 ரெஜிஸ்டர் (தலா இரண்டு பைட் மதிப்பு) என்று வையுங்கள். போக 8 பைட், வர 45 பைட். 9600 பாடில் இதற்கே 55 மில்லி செகண்ட். மீட்டர் யோசித்துப் பதில் சொல்ல இன்னொரு 20. ஆக 75. 72 கோரிக்கைக்கு 5.4 செகண்ட். இது சர்வர் பக்கத்து அறையில் இருக்கும்போது. அதே போலிங்கை (மீட்டர்களை வரிசையாகக் கேட்பதை) கிளவுடிலிருந்து செய்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் போய்வர 60 மில்லி செகண்ட் கூடும். சுற்று 9.7 செகண்ட் ஆகிவிடும். சீரியல் லைனில் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் போகும் என்பதால் பேண்ட்வித்தை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை.

மோசமானது அதுவும் அல்ல. லைன் தள்ளாடுகிறது என்று டைம்அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை) 3 செகண்டாக உயர்த்துவீர்கள். அப்புறம் ஒரு மீட்டர் செத்தால்: 3 கோரிக்கை × 3 முயற்சி × 3 செகண்ட், சுற்றுக்கு 27 செகண்ட் வீண். ஒரு மீட்டருக்காக மற்ற 23 மீட்டரும் பழைய மதிப்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். தவிர, மோட்பஸுக்குப் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. மோட்பஸின் 502 போர்ட்டை வெளியே திறப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

கிளவுடுக்கு எது போகலாம்? அறிக்கைகள், நீண்டகால ஹிஸ்டோரியன் நகல், பல நிலையங்களை ஒன்றாகப் பார்க்கும் டேஷ்போர்டு. ஆலைக்குள் ஒரு எட்ஜ் பெட்டி (ஆலையிலேயே இருக்கும் கணினி) உள்ளூரில் போலிங் செய்து, எம்க்யூடிடி என்ற நெறிமுறையில், டிஎல்எஸ் மறையாக்கத்தோடு, 8883 போர்ட்டில் வெளியே மட்டும் அனுப்பட்டும். வெளியிலிருந்து உள்ளே ஒரு போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் பஃபர் (லைன் அறுந்தபோது தரவு தேங்கும் இடம்) அளவு: 3,000 டேக், செகண்டுக்கு ஒரு முறை, ஒரு மதிப்புக்கு 30 பைட் என்றால் செகண்டுக்கு 90 கிலோபைட். 72 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 23 ஜிபி. டெட்பேண்ட் (சிறு மாற்றங்களை அனுப்பாமல் விடும் வரம்பு) வைத்தால் இதில் சிறு பங்குதான் வரும். ஆனாலும் 64 ஜிபி இண்டஸ்ட்ரியல் எஸ்எஸ்டி போடுங்கள், எஸ்டி கார்டு வேண்டாம். நேர முத்திரை பெட்டியிலேயே விழ வேண்டும். இல்லாவிட்டால் லைன் திரும்பிய நிமிடத்தில் மூன்று நாள் தரவும் ஒரே நேரத்தில் நடந்ததாக ட்ரெண்டில் செங்குத்துக் கோடு வரும். தேங்கியதை அனுப்பும் வேகத்துக்கும் வரம்பு வையுங்கள். இல்லையேல் பழைய தரவு லைனை அடைத்துக்கொள்ள, நேரடி மதிப்பு வரிசையில் காத்திருக்கும்.

கிளவுட் நிறுவனம் 99.9% இயங்கும் என்றால் மாதத்துக்கு 43 நிமிடம் நின்றுபோகலாம் என்று பொருள். அது அவர்கள் பக்கம் மட்டும். உங்கள் ஃபைபரை ஜேசிபி அறுப்பது அந்தக் கணக்கில் வராது.

ரேக்42:
ஆலைக்குள் விஎம் என்பதே சரி. ஆனால் ஐடியின் பொதுக் கிளஸ்டரில் வேண்டாம். தனியாக இரண்டு ஹோஸ்ட் கேளுங்கள். பொதுக் கிளஸ்டரில் யாரோ ராத்திரி பேக்கப் ஓட்டினால் உங்கள் அலாரம் தாமதமாகும்.

செய்ய வேண்டியவை, முக்கியத்துவ வரிசை பார்க்காமல்:

பிரைமரியும் ஸ்டாண்ட்பையும் ஒரே ஹோஸ்டில் உட்காரக்கூடாது. ஆன்டி-அஃபினிட்டி விதி போடுங்கள். இதை மறந்தால் ஒரு பவர் சப்ளை போனதும் இரண்டும் சேர்ந்து போகும்.

மெமரியை முழுதாக ரிசர்வ் செய்யுங்கள். சிபியு ரெடி நேரத்தை (விஎம் சிபியுவுக்காகக் காத்திருக்கும் நேரம்) பாருங்கள்: விசென்டரின் (விஎம்வேரின் நிர்வாக மென்பொருள்) நேரடி வரைபடத்தில் இடைவெளி 20 செகண்ட், ஆகவே ஒரு விசிபியுவுக்கு (விஎம்முக்கு ஒதுக்கிய சிபியு) 1,000 மில்லி செகண்ட் என்றால் 5%. அதைத் தாண்டினால் விசிபியு எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். கூட்டினால் பெரும்பாலும் மோசமாகும்.

டிஸ்கை திக் ஆக (முழு இடத்தையும் முதலிலேயே) ஒதுக்குங்கள். எழுத எழுத வளரும் தின் டிஸ்கில் டேட்டாஸ்டோர் (விஎம் ஃபைல்கள் இருக்கும் சேமிப்பிடம்) நிரம்பினால், அதில் எழுத முயலும் விஎம் அப்படியே உறைந்து நிற்கும். டேட்டாஸ்டோரை நிரப்புவதில் முதல் குற்றவாளி மறந்துபோன ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு நேரத்து நிலைப் பதிவு). பேட்ச் போடும் முன் எடுங்கள், சோதித்ததும் அன்றே நீக்குங்கள். ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. ஹிஸ்டோரியனைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால் நடுவில் வந்த தரவு போனது போனதுதான்.

கடிகாரத்துக்கு ஒரே எஜமான்: என்டிபி (நெட்வொர்க் வழி நேர ஒத்திசைவு). விஎம்வேர் டூல்ஸின் (விஎம்முக்குள் ஓடும் துணை மென்பொருள்) நேர ஒத்திசைவையும் சேர்த்து வைத்தால் இரண்டும் இழுபறி செய்யும். அதை அணைத்தாலும் விஎம் இடைநிறுத்தத்திலிருந்து மீளும்போது ஒருமுறை நேரத்தைத் திருத்தப் பார்க்கும். அந்த அமைப்பைத் தனியாக அணைக்க வேண்டும். நேரம் தாறுமாறானால் அலாரம் வரிசை குழம்பும், ஓபிசி யுஏ சான்றிதழும் செல்லாது என்று நிராகரிக்கப்படலாம்.

டாங்கிளை ஹோஸ்டில் செருகாதீர்கள். அந்த ஹோஸ்ட் விழுந்தால் லைசென்ஸும் விழும். சாஃப்ட் லைசென்ஸ் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நெட்வொர்க் யுஎஸ்பி பெட்டி. சாஃப்ட் லைசென்ஸ் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாளம்) பார்க்கும் என்றால் அதை நிலையாக வையுங்கள். விஎம் ஃபைல்களை இடம் மாற்றியபின் "நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா" என்று கேட்டால் "நகர்த்தினேன்" என்று சொல்லுங்கள். மற்றதைச் சொன்னால் யுயுஐடி (விஎம்மின் அடையாள எண்) மாறி, லைசென்ஸ் கையை விரித்துவிடும்.

பம்ப்ஹவுஸ்:
நன்றி. ஐடி பிரிவு சொல்வது: "ஹெச்ஏ இருக்கிறது, ஹோஸ்ட் விழுந்தால் தானே எழும், ஸ்டாண்ட்பை லைசென்ஸ் வீண் செலவு." சரிதானா?

ரேக்42:
இல்லை. ஹெச்ஏ விஎம்மை இன்னொரு ஹோஸ்டில் மறுபடி பூட் செய்யும். விண்டோஸ் எழ வேண்டும், டேட்டாபேஸ் சரிபார்க்க வேண்டும், ஸ்காடா சர்வீஸ்கள் எழ வேண்டும், 3,000 டேக்குக்கும் சந்தா போட வேண்டும். சில நிமிடங்கள் ஆபரேட்டருக்குக் கண் கட்டிய நிலை. ஸ்டாண்ட்பை செகண்டுகளில் ஏற்கும். அதைவிட முக்கியம்: விண்டோஸ் நன்றாக இருந்து ஸ்காடா சர்வீஸ் மட்டும் தொங்கினால் ஹெச்ஏ திரும்பிக்கூடப் பார்க்காது.

லேடர்லாஜிக்:
பிஎல்சி பக்கமும் ஒரு வேலை. சர்வரிலிருந்து செகண்டுக்கு ஒருமுறை கூடும் ஒரு கவுண்டர் எழுதுங்கள். 10 செகண்ட் மாறாவிட்டால் பிஎல்சி கடைசி செட்பாயிண்ட்டை (இலக்கு மதிப்பை) நம்பாமல் உள்ளூர் மதிப்புக்கு மாறட்டும். பிஎல்சி பக்கத்தில் ஒரு பேனல் ஹெச்எம்ஐ (ஆபரேட்டர் இயக்கும் திரை), நேரடி கேபிளில், கண்டிப்பாக இருக்கட்டும்.

கோல்ட்ஸ்டார்ட்:
யாரும் சொல்லாத ஒன்று: லாகினைச் சரிபார்க்கும் டொமைன் கண்ட்ரோலரும், பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் அதே கிளஸ்டருக்குள் இருக்கின்றனவா? மொத்தக் கரண்ட்டும் போய் வந்தால், விசென்டர் டிஎன்எஸ்ஸைத் தேடும், டிஎன்எஸ் விஎம்மோ யாராவது எழுப்பக் காத்திருக்கும். டொமைன் கண்ட்ரோலர் ஒன்றைத் தனிப் பெட்டியில் வையுங்கள். ஹோஸ்ட் பெயர்களையும் ஐபிக்களையும் தாளில் அச்சடித்து ரேக் கதவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஹோஸ்டிலும் உள்ளூர் ரூட் கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

ஒப்படைப்பு சோதனையில் மெனுவில் ஷட்டவுன் கொடுப்பதைச் சோதனையாகக் கணக்கில் எடுக்காதீர்கள். பவர் கேபிளைப் பிடுங்குங்கள், ஸ்விட்ச் ஒன்றை அணையுங்கள், ஸ்டோரேஜ் லைனை உருவுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆபரேட்டர் திரை எத்தனை செகண்ட் உறைந்தது என்று ஸ்டாப்வாட்சில் குறித்து, அந்தத் தாளில் ஐடியிடமும் கையெழுத்து வாங்குங்கள்.